காசிக்குத் தனியாக, ஐந்து இரவுகள்

கேள்வி: எனக்கு வயது 48. திருச்சியில் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. 2015-ல் நாற்பது பேர் கொண்ட குழுவோடு காசிக்குப் போனேன். ஒன்றரை நாள் இருந்தோம். வழிகாட்டி தூக்கிப் பிடித்த மஞ்சள் கொடியைப் பார்த்துக்கொண்டே ஓடியதுதான் நினைவில் இருக்கிறது. மறுபடி போக வேண்டும், இந்த முறை தனியாக, அவசரமில்லாமல். வீட்டுக்காரருக்கு முட்டிவலி, ஆர்வமும் இல்லை. “போறதுன்னா போயிட்டு வா” என்கிறார், ஆனால் முகம் சரியில்லை. அக்கா, “புருஷனை விட்டுட்டு காசிக்குப் போறவளா நீ?” என்று கேட்டுவிட்டார். சென்னையைத் தாண்டி இதுவரை தனியாகப் போனதில்லை. இந்தி தெரியாது. பகலை எப்படியும் சமாளிப்பேன், ராத்திரி அறையில் தனியாக என்ன செய்வேன் என்றுதான் பயம். எத்தனை நாள் போதும், எங்கே தங்குவது, என்னென்ன பார்ப்பது? இந்த வயதில் இது தேவைதானா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போய்விட்டு வாருங்கள். இருபது வருடங்களுக்கும் மேலாகப் பயண ஏற்பாடு செய்கிற வேலையில் இருக்கிறேன். முதல்முறை தனியாகக் கிளம்பும் பெண்களில் உங்கள் வயதை ஒட்டியவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், கையில் கொஞ்சம் சம்பளம் இருக்கும், நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். கிளம்ப நினைத்தவுடன் நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்பார்கள்.

என்னென்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 2015-ல் உங்களுக்கு நடந்தது பார்க்கும் பட்டியலால் வந்த வினை. அதனால் இந்த முறை பட்டியல் வேண்டாம். காசியில் ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டு ஐந்து இரவு தங்குங்கள். ஆறு நாள் விடுப்பு கிடைக்காவிட்டால் நான்கு இரவு. அதற்குக் குறைந்தால் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரயாகை, அயோத்தி, கயா என்று ஒரே பயணத்தில் சேர்க்கச் சொல்லி எல்லோரும் யோசனை தருவார்கள். சேர்க்காதீர்கள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு ஸ்டேஷன், ஒரு ஆட்டோ, ஒரு அறை. முதல் பயணத்தில் ஆளைக் களைக்க வைப்பது இந்த மூன்றும்தான்.

தெரு எது? அனுமன் கட்டத்துக்கும் கேதார கட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதியைச் சொல்வேன். கட்டம் என்றால் ஆற்றுப் படித்துறை. அங்கே தமிழ்க் குரல் காதில் விழும். 1898-ல் தந்தையை இழந்த பாரதி, பதினைந்து வயதில் அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இந்த அனுமன் கட்டத்துக்குத்தான். அந்த வீட்டில் 2022 டிசம்பரில் ஒரு சிறிய நினைவில்லம் திறந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே காஞ்சி மடம். வடக்கே கொஞ்சம் நடந்தால் கேதார கட்டத்தில் குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் நிறுவிய குமாரசாமி மடம். இட்லி, சாம்பார் சாதம் கிடைக்கும் சிறு மெஸ்கள் அந்தச் சந்துகளில் இருக்கின்றன. ஐந்து நாளும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் முதல் இரவில், தட்டில் வருவது தெரிந்த உணவாக இருந்தால் மனசு அடங்கும். இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அறை எடுக்கும்போது ஒரு விஷயம். சில மடங்களும் சத்திரங்களும் லாட்ஜுகளும் தனியாக வரும் ஒருவருக்கு, அதிலும் பெண்ணுக்கு, அறை தரத் தயங்கும். இது நியாயமில்லை, ஆனால் நடக்கிறது. இணையத்தில் பணம் கட்டியதோடு விட்டுவிடாதீர்கள். போனில் கூப்பிட்டு, “நான் ஒருத்திதான் வருகிறேன், ஐந்து இரவு” என்று தெளிவாகச் சொல்லி, சரி என்ற பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, கதவுக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் இருக்கிறதா? இரண்டு, சாலையில் வந்து அழைத்துப்போக ஆள் அனுப்புவீர்களா? அந்தச் சந்துகளுக்குள் கார் நுழையாது. சிவாலா, சோனார்புரா சாலையோடு வண்டி நின்றுவிடும். அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு, மாடுகளுக்கு இடையில், முன்பின் தெரியாத சந்தில் நீங்கள் தடுமாறக் கூடாது. இரண்டுக்கும் ஒழுங்கான பதில் வரவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

தாழ்ப்பாளைப் பற்றி இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. நான் முதல்முறை தனியாகக் காசிக்குப் போனபோது இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் இறங்கினேன். ஆட்டோக்காரர், நான் சொன்ன லாட்ஜை மூடிவிட்டார்கள் என்று சொல்லி வேறொரு இடத்தில் கொண்டுபோய் விட்டார். அந்த அறையில் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு வெளியே வந்து ஆள் நடமாட்டம் இருந்த பக்கமாகப் போனேன். சந்து முடிந்த இடத்தில் ஆறு. எதிர்க்கரையில் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மூடிவிட்டார்கள் என்று சொன்ன லாட்ஜ் நூறு அடி தள்ளித் திறந்தே இருந்ததை அன்றைக்குப் பத்து மணிக்குப் பார்த்தேன்.

அதனால் என்னிடம் வருகிற எல்லோருக்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: முதல் பயணத்தில் பகலில்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். பண வசதி இருந்தால் போகும்போது விமானம், திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். களைத்துப்போய் வீட்டுக்கு வருவதில் ஆபத்தில்லை, களைத்துப்போய்ப் புது ஊரில் இறங்குவதில்தான் தப்பு நடக்கும். விமான நிலையம் பாபத்பூரில், ஊரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். தங்குமிடத்திலேயே கார் ஏற்பாடு செய்யச் சொல்லிவிடுங்கள்.

போகும்போதும் ரயில்தான் என்றால், கன்னியாகுமரியிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் பனாரஸ் போகும் வாராந்திர ரயில்கள் திருச்சி வழியாகவே போகின்றன. ‘பனாரஸ்’ என்பது முன்பு மண்டுவாடி என்று அழைக்கப்பட்ட நிலையம். ‘வாரணாசி ஜங்ஷன்’ வேறு, அதை உள்ளூரில் ‘கேன்ட்’ என்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய முகல்சராய் இருக்கிறது, இப்போது தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷன். எதில் இறங்குகிறீர்கள் என்பதை அழைக்க வருபவரிடம் சரியாகச் சொல்லுங்கள். ரயில் வந்து சேரும் நேரம் இரவாக இருந்தால், ஸ்டேஷன் ஓய்வறையை முன்பதிவு செய்து தங்கிவிட்டு விடிந்ததும் ஊருக்குள் போங்கள். இன்னொன்று: 45 வயதைக் கடந்த பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கைப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் அதில் நீங்களும் வருவீர்கள். பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

இப்போது உங்கள் ராத்திரி பயத்துக்கு வருகிறேன். அது உண்மையான பயம். ஆனால் ராத்திரி முழுவதும் அல்ல. இருட்டுகிற நேரத்திலிருந்து தூக்கம் வரும்வரை உள்ள மூன்று மணி நேரம்தான் கனக்கும். அதை மட்டும் முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கேதார கட்டத்துப் படியில் போய் உட்காருங்கள். மேலே கேதாரேசுவரர் கோவில், கீழே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள். அங்கேயும் மாலையில் விளக்கேற்றுவார்கள், பெரிய ஆரத்தி நடக்கும் தசாசுவமேத கட்டத்தில் உள்ள நெரிசல் இருக்காது. ஏழு மணிக்கு மெஸ்ஸில் சாப்பாடு. எட்டு மணிக்கு அறை. ஒன்பது மணிக்கு வீட்டுக்காரருக்குப் போன், தினமும் அதே நேரத்தில். கூப்பிடும் நேரம் நிலையாக இருந்தால் அவரும் நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அதற்குப் பிறகு அன்றைய செலவையும், பார்த்ததையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதால் பத்து மணிக்குக் கண் சொருகும்.

ஏன் நாலு மணி? காசி விடியற்காலையின் ஊர். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்கு பார்த்து இருக்கின்றன. எதிர்க்கரையில் கட்டடம் கிடையாது, வெறும் மணல். அதனால் சூரியன் எழும்போது நடுவில் எதுவும் மறைக்காமல் முழுக்கரை மீதும் வெளிச்சம் ஒரே சமயத்தில் விழும். குழுவோடு போனபோது படகில் இருபது நிமிடம் இதைக் காட்டியிருப்பார்கள். இப்போது நடந்து பாருங்கள்.

முதல் நாள் காலை தெற்குப் பக்கம். அனுமன் கட்டத்திலிருந்து ஆற்றைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் அஸ்ஸி. வழியில் சேத் சிங் கோட்டை, நீரிலிருந்து எழுந்து நிற்கும். 1781-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி ராஜா சேத் சிங்கை இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்தார். அவரோ தலைப்பாகைத் துணிகளைக் கயிறாகக் கட்டி, ஜன்னல் வழியே ஆற்றில் இறங்கித் தப்பித்துப் போனார். கீழே நின்று அந்த உயரத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அப்புறம் துளசிதாசர் வாழ்ந்த துளசி கட்டம், அதையடுத்து அஸ்ஸி. அங்கே விடியற்காலையில் ஆரத்தியும், அதைத் தொடர்ந்து சாஸ்திரிய சங்கீதமும் இருக்கும். பாடுபவர்கள் இளம் கலைஞர்களாக இருப்பார்கள், கேட்பவர்கள் டீ டம்ளரோடு படியில் இருப்பார்கள். அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மறுநாள் வடக்குப் பக்கம், இடது கை. முதலில் அரிச்சந்திர கட்டம் வரும். அங்கே சிதை எரிந்துகொண்டிருக்கும். இதைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் தங்கும் இடத்திலிருந்து அது கூப்பிடு தூரம். நம் ஊரில் சுடுகாட்டுப் பக்கம் பெண்கள் போவதில்லை. அங்கே அது ஊரின் நடுவில், தினமும் கடக்கும் வழியில் இருக்கிறது. பக்கத்துப் படியில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள், ஆடு மாலையைத் தின்னும். முதல் தடவை நெஞ்சு அடைக்கும். நிற்க முடியவில்லையென்றால் மேல் சாலை வழியாகச் சுற்றிப் போகலாம், அதில் தவறே இல்லை. நிற்க முடிந்தால் சற்றுத் தள்ளி நின்று அமைதியாகப் பார்த்துவிட்டு நகருங்கள். படம் எடுக்கக் கூடாது. வடக்கே சிதை எரியும் இன்னொரு கட்டமான மணிகர்ணிகையில் யாராவது வந்து, ஏழைகளின் சிதைக்கு விறகு வாங்கப் பணம் கொடுங்கள், புண்ணியம் என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ‘மேலே ஏறி நின்று பார்க்கலாம்’ என்று அழைத்தாலும் போகாதீர்கள். கும்பிட்டுவிட்டு நடந்துகொண்டே இருங்கள், நின்று பதில் சொன்னால்தான் பேச்சு வளரும்.

விசுவநாதர் தரிசனம் மூன்றாவது நாளுக்கு இருக்கட்டும். திங்கட்கிழமையைத் தவிருங்கள். கைப்பை, போன், பேனா எதையும் உள்ளே விட மாட்டார்கள். பூக்கடைகளில் வைக்கலாம் என்பார்கள், கூடவே பெரிய தட்டு ஒன்றை வாங்க வைப்பார்கள். போனை அறையிலேயே வைத்துவிட்டு, தங்குமிட விலாசச் சீட்டும் கொஞ்சம் பணமும் மட்டும் எடுத்துப்போவது நல்லது. இன்று நாம் கும்பிடும் கோவிலை 1780-ல் கட்டியவர் இந்தூரை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர். கணவரையும் மகனையும் இழந்தபின் தனியொருவராக ராஜ்ஜியத்தை நடத்தியவர். தசாசுவமேதத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரிலேயே ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் அக்காவிடம் அவரைப் பற்றிச் சொல்லலாம்.

ஒரு நாள் சாரநாத். பத்து கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்வரலாம். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்க முகத்தின் அசல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த நாளில் போய் ஏமாறாதீர்கள். தாமேக் ஸ்தூபியைச் சுற்றிப் புல்வெளி. காசிச் சந்துகளின் சத்தத்துக்குப் பிறகு அந்த அமைதி ரொம்பவே தேவைப்படும். ராம்நகர் கோட்டையை நேரம் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் நஷ்டமில்லை.

சந்துகளில் வழி தவறுவது உறுதி. போன் வரைபடம் அங்கே சரிவர வேலை செய்யாது. பதற்றப்படாமல் யாராவது கடைக்காரரிடம் “கங்கா?” என்று மட்டும் கேளுங்கள், கையைக் காட்டுவார். ஆற்றங்கரைக்கு வந்துவிட்டால் இடது, வலது என்று இரண்டே திசைதான். ஒவ்வொரு படித்துறையின் பெயரும் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். இந்தியில் எழுதியது புரியாவிட்டாலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பேச்சுக்கு இரண்டு வார்த்தை போதும்: விலை கேட்க “கித்னா”, வேண்டாம் என்று சொல்ல “நஹி சாஹியே”. தொகை புரியவில்லையென்றால் போனை நீட்டி எண்ணைத் தட்டச் சொல்லுங்கள். படகுக்காரர்களும் பூ விற்பவர்களும் கொஞ்சம் தமிழ் பேசுவார்கள். தமிழ் பேசுகிறார் என்பதற்காகவே ஒருவரை நம்பிவிடவும் வேண்டாம். பட்டுப்புடவை நெய்யும் இடத்தைக் காட்டுகிறேன் என்று தமிழில் அழைப்பவருக்கு, நீங்கள் வாங்கும் புடவையில் கமிஷன் இருக்கும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. காலைக் கச்சோரி, மண் குவளையில் லஸ்ஸி, குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் பனி நுரை போன்ற ‘மலையோ’ என்ற பால் இனிப்பு, எல்லாவற்றையும் கூட்டம் உள்ள கடையில் பயப்படாமல் சாப்பிடுங்கள். தண்டாய் என்ற பால் பானம் மட்டும் தெரியாத இடத்தில் வேண்டாம், அதில் பாங்கு என்ற கஞ்சா இலை விழுது கலப்பது உண்டு. தனியாக இருக்கும்போது அந்தப் பரீட்சை கூடாது. அவசரத்துக்கு 112, உத்தரப் பிரதேசத்தில் பெண்களுக்கென்றே 1090, ரயிலில் 139. இந்த மூன்றையும் போனில் பதிவு செய்துவிட்டு மறந்துவிடுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டாம் நாள் மதியம் உங்களுக்கு அழுகை வரலாம். காரணம் எதுவும் இருக்காது. சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து ஃபேனைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, எதற்கு இங்கே வந்தோம், யாரோடு பேசுவது, திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும். நான் அனுப்பிவைத்த பெண்களில் பலர் அந்த நேரத்தில்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஊர் பிடிக்காமல் வருவதல்ல அது. இத்தனை வருடம் யாருக்காவது சமைத்து, யாருக்காவது காத்திருந்து பழகிய உடம்பு, சும்மா இருக்கத் தெரியாமல் தவிக்கிறது. அன்றைக்கு டிக்கெட்டை மாற்றாதீர்கள். தூங்கி எழுந்து, நான்கு மணிக்கு முகம் கழுவி, பக்கத்துப் படித்துறைக்குப் போய் ஒரு டீ குடியுங்கள். மூன்றாம் நாள் காலையில் டீக்கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டு, கேட்காமலே ஊற்றுவார்.

அக்காவின் கேள்வி உங்களை உறுத்தியிருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. தம்பதியாகப் போய்ச் செய்ய வேண்டிய சடங்குகள் காசி யாத்திரையில் உண்டு என்பது உண்மை. அவற்றை இந்த முறை தொடவே வேண்டாம். பிரயாகைத் திரிவேணியில் மனைவி கூந்தல் நுனியைக் காணிக்கையாகத் தரும் வேணிதானமும், மற்றவையும் அவர் முட்டி சரியானபின் இருவருமாகப் போகும்போது செய்துகொள்ளலாம். அக்காவிடம், “இது யாத்திரை இல்லை, ஊரைப் பார்க்கப் போகிறேன்” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

வீட்டுக்காரர் விஷயம் வேறு. முகம் சரியில்லை என்றால், அவருக்கும் சொல்லத் தெரியாத பயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அனுமதி கேட்பதுபோல் பேசாதீர்கள், அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். தங்குமிடத்தின் பெயர், போன் எண், ரயில் எண், தினமும் எங்கே இருப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து, ஒன்பது மணிக்குப் போன் வராவிட்டால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். அப்புறம் அவருக்குப் பிடித்த சாப்பாட்டுக்கு ஐந்து நாள் ஏற்பாடு செய்கிறேன் என்று எல்லாவற்றையும் சமைத்து ஃப்ரிட்ஜில் அடுக்காதீர்கள். அவர் பார்த்துக்கொள்வார்.

போகும் காலம்: தீபாவளி கழிந்து பதினைந்தாம் நாள் வரும் கார்த்திகைப் பௌர்ணமியில் படித்துறை முழுக்க விளக்கேற்றுவார்கள். அழகுதான், ஆனால் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகையும் எகிறும். அது கழிந்து ஒரு வாரம் விட்டு, டிசம்பர் பாதிக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு மூடுபனி, ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மழைக்காலத்தில் வெள்ளம் படிகளை மூடிவிடும், நடக்கவே முடியாது. ரப்பர் அடி போட்ட பிடிமானமான செருப்பு, ஒரு சால்வை, சின்ன டார்ச். இவை போதும்.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், வாராந்திர ரயில்களில் இடம் சீக்கிரம் போய்விடும். டிசம்பர் முதல் வாரம் கிளம்புவதாக இருந்தால், அக்டோபர் முதல் வாரம் காலை எட்டு மணிக்கு முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள். விடுப்புக் கடிதத்தை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.